நோயாளியின் அறையில் காற்றுக்கு ஒரு வழி



நோயுற்ற உறவினர் ஒருவரைக் காண மருத்துவமனைக்குச் செல்கிறீர்கள். கையில் பழங்கள்; நெஞ்சில் கவலை. அறை வாசலிலேயே செவிலியர் உங்களைத் தடுத்து நிறுத்துகிறார். "தனிமையில் வைக்கப்பட்டிருக்கிறார், உள்ளே போகக் கூடாது" என்கிறார். கதவிலுள்ள கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கிறீர்கள். கட்டிலின் தலைமாட்டில் இரும்புப் பெட்டி ஒன்று ஓயாமல் இரைந்துகொண்டு நிற்கிறது. அதன் மேற்புறத்திலிருந்து யானையின் துதிக்கை போன்றதொரு வளைகுழாய் புறப்பட்டுச் சன்னலை நோக்கிச் செல்கிறது. சன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பலகை அடித்து, பலகையில் துளையிட்டுக் குழாயைச் செருகியிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டி எதற்கு? அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது? குழாய் ஏன் வெளியே போகிறது?

இவை மருத்துவரும் பொறியாளரும் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறன்று. நாளை உங்கள் ஊர் அறக்கட்டளை நடத்தும் சிறு மருத்துவமனைக்கு இத்தகைய இயந்திரம் ஒன்றை நன்கொடையாக வாங்கித் தருமாறு உங்களிடமே வந்து கேட்கலாம். நீங்கள் அந்த மருத்துவமனையின் நிருவாகக் குழுவில் இருக்கலாம். உங்கள் மகளோ மருமகளோ அங்கே செவிலியராக இரவுப் பணி செய்யலாம். பெரும் பொருள் செலவிட்டு வாங்கிய இயந்திரம், வைக்க வேண்டிய முறையில் வைக்கப்படாவிட்டால் பயன் தராது. அதுமட்டுமன்று, "பாதுகாப்பு இருக்கிறது" என்னும் பொய்யான நம்பிக்கையைத் தந்து, காக்க வேண்டியவர்களையே ஆபத்தில் தள்ளிவிடும். ஆகவே சற்றுப் பொறுமையோடு இதனைப் படியுங்கள்.

காற்றில் மிதந்து வரும் நோய்

எல்லாத் தொற்று நோய்களும் ஒரே வழியில் பரவுவதில்லை. சில நோய்கள் தண்ணீரால் வரும். சில கைகளால் வரும். சில கொசுவால் வரும். காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை காற்றின் வழியே வருபவை. கோவிட்-19 நோயும் காற்றின் வழியே பரவக்கூடியதுதான் என்பதைக் கடந்த ஆண்டுகளில் உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் அவர் வாயிலிருந்து நீர்த் திவலைகள் தெறிக்கின்றன. பெரியவை தரையில் வீழ்ந்துவிடும். மிகச் சிறியவையோ, வீழ்வதற்கு முன்பே நீர் வற்றி, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாகிக் காற்றில் மிதக்கத் தொடங்கிவிடும். இதனை 1934-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டியவர் வில்லியம் வெல்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர். தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையைவிட்டுச் சென்ற பின்னரும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கியிருக்க வல்லது. அந்த நோயாளியை நீங்கள் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் விட்டுச் சென்ற காற்று போதும்.

வெல்ஸ் சொன்னதை அக்காலத்தில் பலர் நம்பவில்லை. எனவே அவரும் ரிச்சர்ட் ரைலி என்னும் மருத்துவரும் 1950-களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் சோதனையொன்றை நடத்தினர். காசநோயாளிகள் தங்கியிருந்த அறைகளின் காற்றைக் குழாய் வழியே இழுத்து, மேல்தளத்தில் வளர்க்கப்பட்ட சீமைப் பெருச்சாளிகளின் கூண்டுகளுக்குள் செலுத்தினர். அந்தப் பிராணிகள் நோயாளிகளை நெருங்கவில்லை. அவர்களுடைய பாத்திரத்தில் உண்ணவில்லை. அவர்கள் மூச்சுவிட்ட காற்றை மட்டுமே சுவாசித்தன. அவற்றுக்கும் காசநோய் தொற்றியது! அதே காற்றைப் புற ஊதாக் கதிர்களின் வழியே செலுத்திய பின் சுவாசித்த மற்றொரு கூட்டத்துக்கு நோய் தொற்றவில்லை. குழாயில் போன காற்றே நோயைச் சுமந்து சென்றது என்பது ஐயத்துக்கிடமின்றி உறுதியாயிற்று.

இவ்வுண்மையை மறந்த இடங்களில் என்ன நேர்ந்தது? 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் நியூயார்க், புளோரிடா மருத்துவமனைகளில், பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் நோயாளியிடமிருந்து நோயாளிக்கும், அங்கிருந்து பணியாளர்களுக்கும் பரவி உயிர்களைக் குடித்தது. 2003-ஆம் ஆண்டின் சார்ஸ் நோயில் உலகெங்கும் பாதிக்கப்பட்ட 8,096 பேரில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள். அதாவது ஐவரில் ஒருவர்! நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்த கை, நாடி பிடித்த கை, படுக்கை விரித்த கை. அவர்களைக் காப்பது எப்படி என்னும் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் நீங்கள் கண்ணாடி வழியே பார்த்த அந்தப் பெட்டி.

கதவை மூடினால் மட்டும் போதுமா?

நோயாளியைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் ஆயிற்று என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கதவின் இடுக்கு வழியே காற்று போகும், வரும். அறைக்குள் காற்றழுத்தம் சற்று மிகுந்திருந்தாலும், நோயாளியின் மூச்சுக்காற்று வராந்தாவுக்குக் கசிந்து, பக்கத்து அறைகளுக்குப் பரவிவிடும்.

இதைத் தடுக்கும் வழி மிக எளிமையானது. அறைக்குள் நுழையும் காற்றைவிட, அறையிலிருந்து வெளியேறும் காற்று அதிகமாக இருக்கும்படி செய்ய வேண்டும். அப்போது அறைக்குள் அழுத்தம் குறையும். குறைந்ததை ஈடு செய்ய வராந்தாவின் காற்று, கதவிடுக்கு வழியே உள்ளே வந்தவண்ணம் இருக்கும். இடுக்கு எத்தனை இருந்தாலும் ஓட்டம் உள்நோக்கியே இருக்கும். நோயாளியின் காற்று வெளியே கசியாது. இத்தகைய அறையையே ஆங்கிலத்தில் 'நெகட்டிவ் பிரஷர்' அறை என்பர். நாம் குறையழுத்த அறை என்போம்.

எவ்வளவு அழுத்தம் குறைய வேண்டும்? அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல் சொல்லும் அளவு 2.5 பாஸ்கல். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தில் இது ஏறக்குறைய நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் காது அதை உணராது. ஆனால் கதவடியில் பிடித்த ஊதுபத்தியின் புகை அதை உணரும். இந்த ஊதுபத்தியைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்டப்படும் பெரிய மருத்துவமனைகளில் இத்தகைய அறைகளைக் கட்டடத்தோடு சேர்த்தே அமைக்கிறார்கள். பழைய கட்டடத்தில், அவசர வேளையில், ஒரே நாளில் அமைக்க வேண்டுமென்றால்? அதற்குத்தான் சக்கரம் வைத்த, இடம் மாற்றக்கூடிய காற்று வடிகட்டி இயந்திரம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நச்சுக் காற்றிலிருந்து மனிதனைக் காக்கக் கருவி செய்யும் எண்ணம் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர், பொறிகளைப் பற்றித் தாங்கள் எழுதிய 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில், நச்சுக் காற்று நிறைந்த கிணற்றில் தொழிலாளி உயிர்ச்சேதமின்றி இறங்கி வேலை செய்வதற்கான கருவியொன்றையும் விவரித்துள்ளனர். இறங்குபவன் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறான் என்பதே அன்றும் கேள்வி. இன்றும் அதுவே கேள்வி.

இன்றைய பெட்டியில் முக்கியமானவை மூன்று: காற்றை இழுக்கும் வலுவான விசிறி, பெருந்தூசியைப் பிடிக்கும் முன்வடிகட்டி, அதற்கும் பின்னால் 'ஹெப்பா' எனப்படும் நுண்வடிகட்டி. ஹெப்பா வடிகட்டி 1940-களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தின்போது, கதிரியக்கத் துகள்கள் காற்றில் கலவாமல் தடுப்பதற்காக உருவானது. அழிவுக்கான வேலையில் பிறந்த பொருளொன்று, இன்று நோயாளியின் தலைமாட்டில் நின்று உயிர் காக்கிறது.

மெல்லிய கண்ணாடி இழைகளைத் தாளாக்கி, விசிறி மடிப்பாக மடித்து வைத்ததே அந்த வடிகட்டி. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் பத்தாயிரத்துக்கு மூன்றை மட்டுமே அது தப்பவிடும், 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 0.3 மைக்ரானைவிடச் சிறியவை எளிதில் தப்பிவிடுமா என்று கேட்பீர்கள். இல்லை! இது சல்லடை போன்றதன்று. பெரிய துகள்கள் வளைந்து செல்ல இயலாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியவையோ, காற்று மூலக்கூறுகளால் தள்ளாடித் தள்ளாடி அலைந்து, ஏதேனும் ஓர் இழையில் சென்று ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 மைக்ரான் அளவே பிடிப்பதற்குக் கடினமானது. அதனால்தான் அந்த அளவை வைத்துச் சோதிக்கிறார்கள்.

இது நடைமுறையில் உதவுகிறதா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் 2021-ஆம் ஆண்டு கோவிட் நோயாளிகளின் பொது வார்டில் இதைச் சோதித்தனர். இயந்திரம் ஓடாத வாரங்களில் அவ்வார்டின் காற்றில் நோய்க் கிருமியின் தடயம் கிடைத்தது. ஓடிய வாரத்தில் கிடைக்கவில்லை.

ஆனால் இவ்வியந்திரத்தால் இயலாததும் உண்டு. அது துகள்களைப் பிடிக்கும். வாயுக்களையும் வாடையையும் பிடிக்காது. நோயாளியின் முகத்துக்கு எதிரே நின்று பேசுபவருக்கு, அந்தக் கணத்தில் வரும் மூச்சை அது தடுக்காது. ஆகவே இயந்திரம் ஓடுகிறது என்பதற்காகச் செவிலியர் என்-95 முகக்கவசத்தைக் கழற்றிவிடலாகாது.

வாங்குமுன் ஒரு கணக்கு

நன்கொடை தருவோர் பெரும்பாலும் விலையைக் கேட்பார்கள். வணிகர் பெயரைக் கேட்பார்கள். கேட்க வேண்டிய முதற்கேள்வி வேறு: இந்த இயந்திரம் நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கும்?

அறையிலுள்ள காற்றின் அளவுக்குச் சமமான காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வெளியேறுகிறது என்பதே அடிப்படை அளவு. புதிய தனிமை அறைகளுக்கு மணிக்கு 12 முறை வேண்டும் என்றும், பழைய கட்டடங்களில் குறைந்தது 6 முறையேனும் வேண்டும் என்றும் அமெரிக்க வழிகாட்டுதல் கூறுகிறது.

உங்கள் மருத்துவமனையின் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1,200 கன அடி. அதை 12-ஆல் பெருக்கினால் மணிக்கு 14,400 கன அடி. 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 240 கன அடி. அந்த அறைக்கு வேண்டியது இதுவே. பள்ளிப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு. ஆனால் போடாமலே இயந்திரம் வாங்கிவிடுவோர் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் அளவு, பொதுவாகப் புதிய வடிகட்டியோடு, குழாய் ஏதும் பொருத்தாமல் கண்ட அளவாக இருக்கும். நீண்ட குழாயும் அதில் வளைவுகளும் சேர்ந்தால் ஓட்டம் குறையும். வடிகட்டியில் தூசி ஏற ஏற இன்னும் குறையும். எனவே தேவைக்குச் சற்று மிகுந்த ஆற்றலுள்ளதை வாங்குவதே அறிவுடைமை. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. சிறிய இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டினால் இரைச்சல் தாங்காது. நோயாளி உறங்க முடியாமல் "இதை நிறுத்துங்கள்" என்பார். இரக்கப்பட்டு யாரேனும் நிறுத்திவிடுவார்கள். பெரியதை நடுத்தர வேகத்தில் ஓட்டினால் அந்தத் தொல்லை குறைவு. நிறுத்தப்பட்ட இயந்திரத்தைவிட விலையுயர்ந்த வீண்பொருள் வேறில்லை.

அறையை ஆயத்தம் செய்வது எப்படி?

முதலில் அறையைத் தேர்ந்தெடுங்கள். கதவு நன்றாகச் சாத்தக்கூடியதாகவும், வெளிச்சுவரில் சன்னல் உள்ளதாகவும், கழிப்பறை உள்ளேயே இருப்பதாகவும் அமைந்த அறை நல்லது. வராந்தாவின் கடைசி அறை இன்னும் நல்லது.

அடுத்து, கசிவுகளை அடையுங்கள். சுவர்களில் மின்கம்பி நுழையும் துளைகள், சன்னலின் இடுக்குகள், பொய்க்கூரையின் விரிசல்கள் அனைத்தையும் மூட வேண்டும். பொய்க்கூரைக்கு மேலே சுவர் முழுமையாக எழுப்பப்பட்டிருக்கிறதா, அடுத்த அறையோடு திறந்து கிடக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். ஆனால் ஓர் இடத்தை மட்டும் அடைக்கலாகாது. அதுதான் கதவின் அடியில் இருக்கும் அரை அங்குல இடைவெளி. காற்று உள்ளே வரும் வழி அதுவே. அதையும் அடைத்துவிட்டால் இயந்திரம் இழுப்பதற்குக் காற்று இராது.

மூன்றாவதாக, குளிர்சாதனத்தைக் கவனியுங்கள். கட்டடம் முழுவதற்கும் பொதுவான மையக் குளிர்சாதனமாக இருந்தால், அறையின் காற்றைத் திரும்ப எடுத்துச் செல்லும் துளை வழியே நோயாளியின் காற்று எல்லா அறைகளுக்கும் போய்விடும். பொறியாளரைக் கலந்து அத்துளையை மூட வேண்டும். குளிர்காற்று நிமிடத்துக்கு 200 கன அடி உள்ளே வந்து, இயந்திரம் 150 கன அடி மட்டும் வெளியேற்றினால், அறை குறையழுத்த அறையாகாது, அதற்கு நேர்மாறாகிவிடும்! சுவரில் மாட்டும் 'ஸ்பிளிட்' வகையில் வேறொரு மயக்கம் இருக்கிறது. அது புதிய காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திரும்பத் தருகிறது. குளிர்ச்சியைத் தூய்மை என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

நான்காவதாக, இயந்திரத்தை வைக்கும் இடம். நோயாளியின் தலைமாட்டுக்கு அருகே, கதவுக்கு எதிர்ப்புறமாக, காற்றை இழுக்கும் வாய் நோயாளியை நோக்கும்படி வையுங்கள். தூய காற்று கதவில் நுழைந்து, முதலில் செவிலியரைக் கடந்து, பிறகு நோயாளியைக் கடந்து, அதன்பின் இயந்திரத்துக்குள் புக வேண்டும். இந்த வரிசை மாறலாகாது. இடம் மிச்சமாகும் என்று இயந்திரத்தைக் கதவோரத்தில் வைத்தால், கதவடியில் வந்த நல்ல காற்றையே அது உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நோயாளியைச் சூழ்ந்த காற்று அசையாமல் தேங்கிக் கிடக்கும்.

ஐந்தாவதாக, குழாயை வெளியேற்றும் வழி. சன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டுப் பலகை பொருத்தி, அளவாகத் துளையிட்டு, குழாயைச் செருகி, சுற்றிலும் இடைவெளியின்றி ஒட்டுங்கள். குழாய் குட்டையாகவும் நேராகவும் இருக்கட்டும். வெளிமுனை, மக்கள் நடமாடும் வழியையோ பிற அறைகளின் திறந்த சன்னலையோ நோக்கலாகாது. கட்டடத்துக்குள் காற்றை இழுக்கும் துளைகளிலிருந்து 25 அடியேனும் தள்ளி இருக்க வேண்டும்.

கதவுக்கு வெளியே தடித்த பிளாஸ்டிக் திரையால் சிறு முன்னறை ஒன்றும் அமைக்க இயன்றால், கதவு திறக்கும் வேளைகளில் கூடுதல் பாதுகாப்புக் கிடைக்கும்.

பலரும் தவறும் இடம்

இங்கேதான் ஒரு வேறுபாட்டை நீங்கள் தெளிவாக உணர வேண்டும். குழாய் பொருத்தாமல் இயந்திரத்தை அறைக்குள் வெறுமனே ஓடவிட்டால் என்ன ஆகும்? காற்றை இழுக்கும், வடிகட்டும், அதே அறைக்குள் விட்டுவிடும். அறைக்காற்று தூய்மையாகும், அதில் நன்மை உண்டு. ஆனால் அறையிலிருந்து காற்று வெளியேறாததால் அழுத்தம் குறையாது. கதவு திறக்கும்போது காற்று எப்பக்கமும் போகும். காற்றைத் தூய்மை செய்வது ஒரு வேலை. காற்றை அறைக்குள் கட்டி வைப்பது வேறொரு வேலை. குழாய் வெளியே போனால்தான் இரண்டாவது வேலை நடக்கும்.

நிருவாகக் குழுக் கூட்டத்தில் செயலாளர் கேட்பார்: "ஹாஜியார், பெட்டிதான் இராப்பகலாக ஓடுகிறதே, இனி என்ன வேண்டும்?" ஹாஜியார் கேட்க வேண்டிய மறுகேள்வி: "தம்பி, ஓடுவது சரி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தீர்களா?"

ஊதுபத்தி சொல்லும் உண்மை

பார்ப்பது எப்படி? அழுத்தம் காட்டும் கருவியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால், கதவைச் சாத்திவிட்டு, வராந்தாப் பக்கம் நின்று, கதவடி இடைவெளிக்கு அருகே ஊதுபத்தியின் புகையைப் பிடியுங்கள். உயிர்வாயு வைத்திருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது. அங்கே நெருப்பின்றிப் புகை தரும் சோதனைக் குழல்களையே பயன்படுத்த வேண்டும். புகை கதவடியில் உள்ளே இழுக்கப்பட்டால் அறை சரியாக இயங்குகிறது. நேராக மேலே எழுந்தாலோ, உங்கள் பக்கம் திரும்பினாலோ, ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது. நோயாளி இருக்கும் நாள்களெல்லாம் நாளுக்கு ஒரு முறை இதைச் செய்து, பதிவேட்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். நேற்று சரியாக இருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது. ஒரு துண்டுத் துணி பறந்து வந்து இயந்திரத்தின் வாயை மூடியிருக்கலாம், குழாய் கழன்றிருக்கலாம்.

மின்சாரம் நின்றால் குறையழுத்தமும் அக்கணமே நின்றுவிடும். ஆகவே அறையின் மின்இணைப்பு ஜெனரேட்டரோடு சேர்ந்திருக்க வேண்டும். கதவு எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும்; காற்றாட வேண்டுமென்று செங்கல் வைத்துத் திறந்துவிட்டால் எல்லா உழைப்பும் வீண்.

முன்வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஹெப்பா வடிகட்டியைத் தட்டியோ, கழுவியோ, வெயிலில் உலர்த்தியோ மீண்டும் பயன்படுத்தலாகாது. நுண்ணிய இழை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. கிருமிக்கு வழி தெரியும். பயிற்சி பெற்றவர், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பழைய வடிகட்டியைப் பையிலிட்டுக் கட்டி அகற்ற வேண்டும். 'ஓசோன் தரும்' என்று பெருமையாக விற்கப்படும் பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஓசோன் நுரையீரலை வருத்தும் வாயு.

நோயாளி வீடு திரும்பிய பின்னும் உடனே அறைக்குள் முகக்கவசமின்றி நுழைந்துவிட வேண்டாம். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் 99.9 விழுக்காட்டுத் துகள்கள் நீங்க 35 நிமிடங்கள் ஆகும். 6 முறை மாறும் அறையில் 69 நிமிடங்கள் ஆகும். காற்று அறை முழுதும் நன்றாகக் கலந்தால் வரும் கணக்கு இது. மூலைகளில் தேங்கினால் இன்னும் நேரமாகும். துடைத்துப் பெருக்க வரும் ஏழைப் பெண்மணிக்கு இந்தக் கணக்கை யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும்.

இயந்திரம் இல்லாத இடத்தில்

"எங்கள் ஊரில் மருத்துவமனையே இல்லை, இயந்திரத்துக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கவலை வேண்டாம். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுத் தலைநகரான லிமாவில் எட்டு மருத்துவமனைகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு வியப்பான செய்தியைத் தந்தது. விசிறி வைத்த குறையழுத்த அறைகளில் காற்று மணிக்கு 12 முறை மாறும் என்று கொள்ளப்பட, சன்னலும் கதவும் திறந்து வைத்த சாதாரண அறைகளில் அது 28 முறை மாறியது. 1950-க்கு முன் உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் வைத்துக் கட்டிய பழைய கட்டடங்களே அவற்றுள் மிகச் சிறந்து விளங்கின. நம் முன்னோர் கட்டிய முற்றம் வைத்த வீடுகள் உங்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? ஆயினும் இயற்கைக் காற்றின் திசை நம் கையில் இல்லை. அது வீட்டுக்குள்ளும் திரும்பக் கூடும். மருத்துவமனைகளில் இயந்திரம் வேண்டப்படுவது அதனால்தான்.

வீட்டில் நோயாளி இருந்தால் அவருக்கு வெளிச்சுவரில் சன்னலுள்ள அறையைக் கொடுங்கள். சன்னலைத் திறந்து, வீட்டுப் பக்கக் கதவைச் சாத்தி வையுங்கள். மேசை விசிறியைச் சன்னலோரம் வைத்துக் கதவை நோக்கி வீசவிட்டால், நோயாளியின் மூச்சை வீட்டாருக்கே விசிறிவிடுகிறீர்கள். விசிறியின் முகத்தைச் சன்னலுக்கு வெளியே திருப்பி வையுங்கள். அதுவே ஏழையின் குறையழுத்த அறை. "மாமி, இருமலுக்குக் குளிர்காற்று ஆகாது" என்று மருமகள் அன்போடு சன்னலைச் சாத்த வருவாள். அவளுக்கு மாமி எடுத்துச் சொல்ல வேண்டும்: போர்த்திக்கொள்ளக் கம்பளி போதும், சன்னல் திறந்தே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சிகிச்சை. சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், 1959-இல் உலகத்துக்கே வழிகாட்டிய முடிவொன்றை வெளியிட்டது. மருந்தை முறையாக உண்டு வீட்டிலேயே இருந்த காசநோயாளிகள், சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. ஏனெனில் மருந்து உள்ளே சென்றதும் நோயைப் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகிறது. ஆபத்து மிகுந்த காலம், நோய் இன்னதென்று அறியப்படாமல், மருந்தின்றி இருமிக்கொண்டிருக்கும் காலமே.

அந்தக் காலத்தை நீட்டிப்பவர் யார்? பெரும்பாலும் நாமேதான். "வெளியே தெரிந்தால் பெண்ணின் கலியாணம் தடைப்படும்" என்று இருமலை மறைக்கிறோம். மறைக்கப்பட்ட இருமல் நான்கு சுவருக்குள், கைக்குழந்தை உறங்கும் அதே காற்றில் கலந்து நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்குச் சென்று சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்குச் சோதனையும் மருந்தும் இலவசம்.

வாசகர்களே! நோயாளியைத் தனி அறையில் வைப்பது அவரை ஒதுக்கி வைப்பதற்காக அன்று. அவரை அணுகிப் பணிவிடை செய்வோர் அச்சமின்றி அணுகுவதற்காக. காற்றுக்கு முறையான வழியை அமைத்துவிட்டால், செவிலியர் ஓடாமல் நின்று மருந்து கொடுப்பார். மகன் முகக்கவசம் அணிந்து உள்ளே வந்து தந்தையின் கையைப் பற்றிக்கொள்ள முடியும். அடுத்த முறை அந்தக் கண்ணாடிக் கதவின் முன் நிற்கும்போது, இரைந்துகொண்டிருக்கும் பெட்டியைப் பாருங்கள், குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள், "இன்று புகைச் சோதனை செய்தாயிற்றா?" என்று செவிலியரிடம் பணிவோடு கேளுங்கள். நீங்கள் கொண்டுசெல்லும் பழங்களைவிட அந்தக் கேள்வி நோயாளிக்கும், அவரைக் காக்கும் கைகளுக்கும் பெரிய நன்மையாக அமையக்கூடும்.